நாலே கால் மணி நேரம்

சென்னையிலிருந்து துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா?

யோசிக்காமல் பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். எங்கள் காடாம்புலியூர் டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் உடனே இரண்டு கோஷ்டி கிளம்பும். 'சிங்கப்பூர்தான் ஸார் தூரம். காலையில ஏறினா சாயந்தரம்தான் இறங்கறான்' என்று ஒன்று. 'அதெப்படி, துபாய்லேருந்து திரும்பி வர்றதுக்குள்ள ஒரு பொழுதே போயிடுதே' என்று இன்னொன்று. இரண்டு பேரும் டிக்கெட்டைக் காட்டி அடித்துப் பேசுவார்கள். டிக்கெட்டில் அச்சடித்ததை நம்பாமல் எதை நம்புவது?

விடை: இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் ஒரு ஆணி அடித்து, மேற்கே துபாய் வரைக்கும் கயிறு கட்டி, அதே கயிற்றை அப்படியே கிழக்கே திருப்பினால் சிங்கப்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போய் விழும். பறக்கிற நேரமும் இரண்டுக்கும் சுமார் நாலே கால் மணி நேரம்தான்.

ஆனால் டிக்கெட் என்ன சொல்கிறது? காலை 10 மணிக்குச் சென்னையில் துபாய் விமானம் ஏறுகிறீர்கள். அந்த ஊர்க் கடிகாரப்படி பகல் 12.45-க்கு இறங்குகிறீர்கள். அடடா, ரெண்டே முக்கால் மணி நேரம்! அதே 10 மணிக்குச் சிங்கப்பூர் விமானம் ஏறினால் அந்த ஊர்க் கடிகாரத்தில் மாலை 4.45. ஆறே முக்கால் மணி நேரம்! ஒரே தூரம், ஒரே வேகம், ஒரே மாதிரி உப்புமா. ஆனால் நாலு மணி நேரம் வித்தியாசம்.

என்னிடம் யோசனை கேட்க வந்த ஒரு தம்பி இந்தக் கணக்கை வைத்துத்தான் வேலையையே தேர்ந்தெடுத்தான். கையில் இரண்டு ஊர் வேலையும் இருந்தது. "துபாய் போறேண்ணே. ரெண்டே முக்கால் மணி நேரத்துல போயிடலாம். வீட்ல ஒண்ணுன்னா ஓடி வந்துடலாம்" என்றான். நான் பி.காம். படித்தவன். பேரேடு போட்டுக் காட்டினேன். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எனவே போகும்போது ஒன்றரை மணி வரவு, வரும்போது அதே ஒன்றரை மணி பற்று. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். போகும்போது பற்று, வரும்போது வரவு. போய்த் திரும்பினால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் லாபமில்லை. தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் துபாய்க்கே போனான். (அங்கே சம்பளம் அதிகமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.)

இதில் ஒரு சின்ன வேடிக்கை. சூரியனைக் கேட்டால் துபாயும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சம தூரம்தான். சென்னை 80 டிகிரி தீர்க்கரேகை, துபாய் 55, சிங்கப்பூர் 104. அந்தப் பக்கம் 25, இந்தப் பக்கம் 24. அப்படியானால் கடிகார வித்தியாசமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. மலேசியா தன் கடிகாரத்தை ஒரே சீராக்கியபோது, சிங்கப்பூரும் 1982 ஜனவரியில் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அங்கே சூரியன் இன்னும் பழைய இடத்தில்தான் உதிக்கிறது, ஏழு மணிக்கு. நம்மை மட்டும் என்ன சொல்வது? 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் ரயில்கள் எல்லாம் 'மெட்ராஸ் நேர'த்தில்தான் ஓடின. நுங்கம்பாக்கம் வானிலைக்கூடம் சொன்னதுதான் மணி. அந்தப் பெருமையை நாம் எப்படி விட்டுக்கொடுத்தோம் என்று தெரியவில்லை.

சரி, அந்த நாலே கால் மணி நேரமாவது நிஜமா? அதிலும் வில்லங்கம் உண்டு.

லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள் அல்லவா? விமானத்துக்கும் அப்படித்தான். அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை கொடுக்கிற வரைக்கும் உள்ள நேரத்தைத்தான் பயண நேரம் என்று கம்பெனிகள் போடுகின்றன. நடுவில் ஓடுபாதைக்குக் கியூவில் நிற்பது, இறங்குகிற ஊரில் இடம் கிடைக்காமல் ஆகாயத்தில் வட்டம் அடிப்பது எல்லாம் இதில் அடக்கம். போதாததற்குக் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்வார்கள். மேனேஜர் 'இந்த ஸ்டேட்மென்ட் எப்ப முடியும்?' என்று கேட்டால், நாளைக்கே முடிகிற வேலைக்கு 'புதன்கிழமை ஸார்' என்போமே, அதே தந்திரம். செவ்வாய்க்கிழமை கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். 'இருபது நிமிஷம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்' என்று விமானத்தில் அறிவிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் கை தட்டினால், அவர் ஆபீஸ் வேலை பார்த்தவர் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது காற்று. உயரத்தில், அதுவும் வடக்கே போகப் போக, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ரொம்ப வேகம். அதனால்தான் துபாயிலிருந்து வரும்போது பெரும்பாலும் பத்து, இருபது நிமிஷம் குறைவாகவே ஆகிறது. நம் தெற்குப் பக்கத்திலோ ஆனி, ஆடி மாதங்களில் இது தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்கே வீசும். கோட்டீஸ்வரம் என்கிற நம்மூர் வானிலை விஞ்ஞானி 1950-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு மேலே 40 ஆயிரம் அடியில் இன்னொரு காற்று எதிர்த் திசையில் பறந்துகொண்டிருப்பது பல பேருக்குத் தெரியாது.

காற்றை நம்பித் தூரத்தையே கூட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் விட்டது. மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் விமானத்தை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, கிழக்கே பசிபிக் கடல் வழியாக அனுப்பினார்கள். 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பின்னாலிருந்து காற்று தள்ளியதில் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். தூரம் கூடினால் நேரம் குறைகிறது! எந்தக் கணக்கு வாத்தியாரும் இதற்கு மார்க் போடமாட்டார். ஆனால் எங்கள் ஊர் பஸ் டிரைவர்களுக்கு இது புதுசு இல்லை. விக்கிரவாண்டி - பண்ருட்டி ரோட்டை நாலுவழிச் சாலையாக்குகிறோம் என்று வருஷக்கணக்கில் தோண்டிப்போட்டிருந்த காலத்தில், கடலூர், பாண்டிச்சேரி சுற்றிப் போன கார்கள் முன்னால் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

காற்று ஒத்துழைத்தாலும் மனுஷன் ஒத்துழைக்க வேண்டும். 2019 பிப்ரவரி 27-லிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடல் மேலே சுற்றிக்கொண்டு போயின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி அதே கதை. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. டிக்கெட்டில் மட்டும் மணிக்கணக்கில் கூடியது. ஆகாயத்துக்கு வேலி கிடையாது என்று யார் சொன்னது?

இதெல்லாம் ஆகாயத்தில். தரைக்கு வாருங்கள். காடாம்புலியூரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர். பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. முன்பெல்லாம் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலைப் பிடித்துவிடலாம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பஸ். வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுகிறார்கள். ஆக, 2,900 கிலோமீட்டருக்கு நாலே கால் மணி நேரம். அதற்கு முன்னால் உள்ள 170 கிலோமீட்டருக்கும் அந்த நாற்காலிக்கும் சேர்த்து எட்டு மணி நேரம்!

இத்தனைக்கும் பக்கத்திலேயே நெய்வேலியில் ஒரு ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் 2017-ல் அதன் பெயரும் வந்தது. சேலத்துக்காரர்கள் 2018-ல் விமானம் ஏறிப் பறந்துவிட்டார்கள். நெய்வேலியில் இதோ, அதோ என்று வருஷங்கள்தான் பறந்தன. விட்டுத் தள்ளுங்கள், இதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் இந்தக் கணக்குக்கு அவசியமே இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலில் போனார்கள். 1926-லிருந்து 1973 வரை 'ரஜூலா' ஓடியது. அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. நம்ம ஊர்ப் பெயர்தான். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே முடிந்தது. மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அப்பா போய்விட்டார் என்று தந்தி போகும். மகன் அங்கேயே கடற்கரையில் தலை முழுகுவான். இங்கே யாரும் அவனுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். கோபமும் கிடையாது, வருத்தமும் ஓர் அளவோடு. வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வர முடியும் என்று ஆன பிறகுதான் சிக்கலே ஆரம்பித்தது. நாலு மணி நேரம்தானே?

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா விடியற்காலை நாலரை மணிக்குக் காலமானார். முந்திரித் தோப்புக்காரர். எனக்கு உறவு இல்லை, ஆனாலும் பெரியப்பாதான். ஒரே மகன் துபாயில். ஐந்து மணிக்கு அவனுக்கு போன் போட்டார்கள். அங்கே மணி மூன்றரை.

ஆறு மணிக்குள் வாசலில் நாற்காலி போட்டாயிற்று. பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பெண் கொடுத்த மாமா ஒருவர் அடித்துச் சொன்னார்: "ஃபிளைட்டு நாலு மணி நேரம். எட்டு மணிக்கு ஏறினான்னா பன்னெண்டுக்கு மெட்ராஸ். நாலு மணிக்கு இங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். மேளத்துக்குச் சொல்ல ஆள் கிளம்பினான். உறவுக்காரர்களுக்கு 'மாலை 5 மணி' என்று போன் போக ஆரம்பித்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பையனோடு பேசினேன். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. ஆபீஸ் திறப்பது ஒன்பது மணிக்கு. நம் கணக்கில் பத்தரை. அதற்குப் பிறகு டிக்கெட். கிடைக்கிற முதல் விமானம் அங்கே பகல் இரண்டரைக்கு. முந்திரி எடை போடுகிற சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டரை என்றால் நமக்கு மாலை நாலு. நாலு மணி நேரம் பறந்து இரவு எட்டுக்கு மீனம்பாக்கம். பெட்டி இல்லாமல் வந்தாலும் வெளியே வர ஒரு மணி நேரம், ஒன்பது. இங்கிருந்து கார் அனுப்பி அங்கே தயாராக நிறுத்திவைத்தால், வீட்டு வாசலுக்கு வர இரவு பன்னிரண்டரை.

"பன்னெண்டரையா? நாலு மணி நேர ஃபிளைட்டுக்கா?" என்றார் மாமா. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை போட்ட பக்கத்தையும் படித்தார்.

"மாமா, ஃபிளைட்டு நாலு மணிதான். அவன் ரூம்லேருந்து நம்ம வாசல் வரைக்கும்தான் பத்தொன்பதரை மணி நேரம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சாயந்தரம் எடுத்தால் மகன் வரமாட்டான். ராத்திரி எடுக்கிற வழக்கம் இல்லை. ஆக, மறுநாள் காலை. சில பேருக்கு மனசில்லை. ஒரு ராத்திரி முழுக்க வைத்திருப்பதா, தெருவே சாப்பிடாமல் கிடக்குமே என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஏழு மணிக்கே இதைப் பேசி முடித்ததால் பண்ருட்டியிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. உறவுக்காரர்களுக்கு 'நாளை காலை 8 மணி' என்று மறுபடி போன் போனது. மாமாவின் கணக்கை நம்பி ஐந்து மணிக்குத் தயாராகியிருந்தால், பந்தலில் ஐநூறு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பையன் அரபிக்கடலுக்கே வந்திருக்கமாட்டான். அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் 'இனிமே முடியாது, தூக்குங்கப்பா' என்றிருப்பார். அப்படி நடந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்புறம் அந்த மகன்கள் ஊருக்கு வந்தாலும் தெருவில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சாயந்தரம் ஆறு மணி இருக்கும். பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அவன் இப்ப எங்க இருக்கான்?"

விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் என் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். நீலத் திரையில் மஞ்சளாக ஒரு குட்டி விமானம்.

"கடல் மேல இருக்கான் பெரிம்மா."

"எவ்ளோ உயரத்துல?"

"முப்பத்தஞ்சாயிரம் அடி. பத்து கிலோமீட்டருக்கு மேல."

யோசித்தார். "இங்கேருந்து பண்ருட்டி தூரம்."

"ஆமாம் பெரிம்மா."

"அவ்ளோதானா" என்று போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தார். அதற்குள் திரை அணைந்துவிடும். நான் போய் விரலை வைத்துத் திறந்து கொடுப்பேன். எட்டு மணிக்கு அந்த மஞ்சள் விமானம் சென்னையைத் தொட்டதும், போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் காபி குடித்தார்.

பையன் வாசலில் இறங்கியது 12.50-க்கு. டிரைவர் திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்திவிட்டான். இருபது நிமிஷம்தான், நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று மாமா எல்லோரிடமும் சொன்னார்.

கருமாதி முடிந்து அவன் திரும்பும்போது என்னிடம் கணக்குக் கேட்கவில்லை, அவனே போட்டு வைத்திருந்தான். "அண்ணே, விடியக்காலை நாலு மணி ஃபிளைட்டு. அங்க ஆறே முக்காலுக்கு இறங்கிடுவேன். போறப்ப ஒன்றரை மணி நேரம் நமக்கு லாபம் இல்ல? நேரா ட்யூட்டிக்குப் போயிடலாம்." அதற்கு வீட்டிலிருந்து முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கே கிளம்ப வேண்டும். பெரியம்மா ஏழு மணிக்கெல்லாம் புளிச்சோறு கட்டி, இரண்டு கிலோ முந்திரிப் பருப்பைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.